கட்டுச்சோறும் பாம்பன் விடியலும்

ராமேசுவரம் போவதென்று முடிவானதும் என் மாமியார் முதலில் விசாரித்தது பயணச்சீட்டைப் பற்றியல்ல, வீட்டில் நல்லெண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்பதைத்தான்.

புளிக்காய்ச்சலை முந்தின நாள் இரவே செய்துவிட வேண்டும் என்பது அவருடைய கட்டளை. கெட்டியாகக் கரைத்த புளி கொதித்துக் கொதித்து, ஓரங்களில் எண்ணெய் பிரிந்து மினுங்கும் வரை அவர் அடுப்பை விட்டு நகரவில்லை. வறுத்துப் பொடித்த வெந்தயத்தையும் பெருங்காயத்தையும் இறக்கும்போதுதான் தூவினார். மறுநாள் சோற்றை உதிரியாக வடித்துத் தாம்பாளத்தில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகே காய்ச்சலைக் கலந்தார். சூட்டோடு பொட்டலம் கட்டினால் உள்ளே வியர்த்து ஊசிப்போய்விடும். வாழையிலையை அனலில் வாட்டும் வேலை எனக்கு வந்தது (இரண்டைக் கருக்கிவிட்டேன்).

தயிர்சாதத்துக்குப் பால்தான் தாராளமாக வேண்டும், தயிர் ஒரு கரண்டி போதும். நான் மாற்றி ஊற்றியதால், எழும்பூரில் ரயிலேறிச் செங்கல்பட்டு தாண்டிப் பிரித்தபோது அது புளித்திருந்தது. "பரவாயில்லைம்மா, மோர்மிளகாய் இருக்கிறதே" என்று அத்தை பெருந்தன்மையாகச் சாப்பிட்டார்.

விடியலில் பாம்பன். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலம் பக்கத்தில் நின்றிருக்க, 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்தில் வண்டி சென்றது. கப்பல்களுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளப் பகுதி அப்படியே செங்குத்தாக மேலெழும் என்று கணவர் விளக்கிக்கொண்டிருந்தார். மகளோ மிச்சப் புளியோதரையில் வேர்க்கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.