யாளித் தலையோடு நியூயார்க்கில்

முதலில் அந்த ரிக்‌ஷாக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

பாஸ்டனிலிருந்து வந்த பஸ் கனெக்டிகட் நெரிசலில் சிக்கி ஒன்றரை மணி நேரம் தாமதம். ஒருபுறம் கழிப்பறை நாற்றம், மறுபுறம் ஆகஸ்ட் மாதத்திலும் சால்வை கேட்கும் ஏசி. போர்ட் அத்தாரிட்டி நிலையத்தில் இறங்கியபோது என் கையில் விழா வேடத்துக்காகத் தெர்மோகோலில் செய்த யாளித் தலை. துதிக்கை மட்டும் இரண்டடி. சுரங்க ரயிலில் ஏறினால் துதிக்கை மிஞ்சாது என்று பயந்து, வெளியே நின்ற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன். பதினோரு தெரு தூரம்தான். நிமிடத்துக்கு 8 டாலர் என்று எழுதிய அட்டையை என் யாளியே மறைத்துக்கொண்டிருந்தது! 12 நிமிடம், 96 டாலர். கத்திப் பார்த்தேன், அவர் பேசாமல் அட்டையைத் தொட்டுக் காட்டினார். இரண்டு நாள் சாப்பாட்டுக்கு ஒதுக்கிய பணம் அது.

போன இடம் ஃபிளேம் கான். அறிபுனை, மாயப்புனைவு, பேய்க்கதை, காமிக்ஸ் என்று பித்துப் பிடித்த பால்புதுமையர் (ஆங்கிலத்தில் ‘குயர்’) கூடும் விழா. ‘கீக்ஸ் அவுட்’ அமைப்பு இணையம் வழியே நிதி திரட்டி, 2015 ஜூனில் புரூக்ளினில் ஒரே நாள் நிகழ்ச்சியாகத் தொடங்கியது. நான் போனது ஏழாவது அவென்யூவில் உள்ள ஷெரட்டன் ஹோட்டலில் நடந்த இரண்டு நாள் விழா.

தங்குமிடம், செலவு எல்லாம் வரிசையாக எழுதுவதாக நண்பர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். தங்கியது ஜாக்சன் ஹைட்ஸில் தோழி வீட்டு சோபாவில். டைம்ஸ் சதுக்கத்தில் அறை எடுக்கும் வசதி இருப்பவருக்கு என் ஆலோசனை தேவையில்லை.

நுழைந்ததும் சட்டையில் ஒட்டிக்கொள்ள ஸ்டிக்கர்கள். நம்மை ‘ஹீ’ என்பதா, ‘ஷீ’ என்பதா, ‘தே’ என்பதா என்று பிறருக்குத் தெரிவிக்க. தமிழில் ‘அவர்’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் ஆணா பெண்ணா என்ற பேச்சே எழாது. ஆங்கிலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பாவம்.

என் வேடத்தைப் பார்த்தவர்களெல்லாம் “டிராகனா?” என்றார்கள். சிங்க முகம், யானைத் துதிக்கை, எங்கள் ஊர்க் கோயில் தூண்களில் நிற்கும் என்று நாற்பது முறையாவது சொல்லியிருப்பேன். முழுக்கப் பச்சை சாயம் பூசிய ஒருவர் மட்டும், “அப்படியென்றால் இதுவும் எந்தப் பெட்டியிலும் அடங்காத பிராணி” என்றார். அவரோடு அரை மணி நேரம் பேசினேன்.

ஓவியர்கள் கடை போட்டிருந்த கூடம்தான் என் கஜானாவைக் காலி செய்தது. வரைந்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கும்போது விலை கேட்டுவிட்டு நகர்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். இரண்டு பெண் விண்கலமோட்டிகளின் காதலைச் சொல்லும் சிறு காமிக்ஸ் ஒன்றை வாங்கி அங்கேயே நின்றபடி படித்து முடித்தேன். இந்த மாதிரிக் காதல் கதைகளில் பெரும்பாலும் யாராவது செத்துப்போவார்கள்; இதில் யாரும் கடைசிப் பக்கத்தில் சாகவில்லை. அதற்காகவே இன்னொரு பிரதியும் வாங்கினேன். மறுநாள் கேட்ட கலந்துரையாடல்களில் ஒன்று வெறும் பரஸ்பரப் பாராட்டு. பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.

வந்து நின்ற வரிசையில் அறுபது வயது தாண்டிய ஒரு பெண்மணி. இந்த மாதிரி ரசிகர்களுக்கென்றே நடந்த முதல் கேலாக்சிகானுக்கு, 1988-இல் எங்கள் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுனுக்கே போனவராம். நான் ரிக்‌ஷாக் கதையைப் புலம்பியதும் சிரித்தார். “அன்றைக்கு நாங்கள் ஒரே அறையில் ஏழு பேர் படுத்தோம். குளியல் தொட்டியில் நான்.”

சாப்பாட்டை மறந்துவிட்டேனே! சனிக்கிழமை இரவு, 53-ஆம் தெருவும் ஆறாவது அவென்யூவும் சந்திக்கும் முனையில் ஹலால் கைஸ் வண்டி. 1990-இல் ஹாட் டாக் விற்கத் தொடங்கி, டாக்சி ஓட்டும் முஸ்லிம்களின் பசிக்காகக் கோழியும் சோறுமாக மாறியவர்கள். மஞ்சள் சோறு, கொத்திய கோழி, தாராளமாக வெள்ளை சாஸ். சிவப்பு சாஸைக் குழம்பு என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள். குண்டூர்க்காரரையே கண்ணீர் விட வைக்கும். எனக்கு முன்னால் ஒரு சூனியக்காரியும் இரண்டு ரத்தக்காட்டேரிகளும் நின்றார்கள். பக்கத்துத் திட்டில் நாங்கள் நால்வரும் உட்கார்ந்து தின்றோம். ஊருக்கு வந்த பிறகும் நாக்கில் நிற்கிறது அந்தக் கோழி.

அன்றிரவு வேறு வழியில்லாமல், யாளித் தலையோடு ‘E’ சுரங்க ரயிலில் ஏறினேன். நல்ல கூட்டம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2 டாலர் 90 சென்ட். துதிக்கைக்கு ஒன்றும் ஆகவில்லை.