ஜெர்மனிக் குளிரில் ஒரு டின் மாங்கூழ்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டினம், போச்சம்பள்ளிப் பக்கமிருந்து ஜெர்மனிக்கு வருகிறவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் வாயைக் கட்டுவதுதான் பெரும்பாடு. டிசம்பரில் மாலை 4 மணிக்கே இருட்டத் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்று சனிக்கிழமையே பை நிறைய வாங்கிவிடுகிறோம். அதில் 850 கிராம் மாங்கூழ் டின் ஒன்று கட்டாயம் இருக்கும். திருப்பி விலாசம் பார்த்தால் சில டின்களில் கிருஷ்ணகிரி என்றே போட்டிருக்கும். எப்படி வைத்துவிட்டு வர மனசு வரும்?

அடியோடு விட்டுவிடுகிறேன் என்பது பலிக்காது. மே மாதம் ஊரிலிருந்து வாட்ஸப்பில் மல்கோவாப் படம் வரும். அன்றைக்கே விரதம் கலைந்து டின்னும் ஸ்பூனுமாக உட்கார்ந்துவிடுவோம். அளந்து வைத்தால்தான் நிற்கிறது.

டின்னைத் திறந்ததும் முழுவதையும் ஐஸ் தட்டில் ஊற்றுங்கள். குழிக்கு 20 கிராம் என்றால் 42 கட்டி வரும். ராத்திரி உறையவிட்டு, ஜிப் பைக்கு மாற்றிக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். தட்டிலேயே கிடந்தால் ஃப்ரீசர் வாடை ஏறும். திறந்த டின்னை ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். தகர வாடை வரும், போகும்போதும் வரும்போதும் ஸ்பூனும் இறங்கும். லேபிளில் 'ட்சுக்கர்' என்ற வரியைப் பாருங்கள், அதுதான் சர்க்கரை. 100 கிராமுக்கு 17 என்றிருந்தால் முழு டின்னில் 144 கிராம். ஒரு நாளைக்கு மூன்று கட்டி என்று அளந்துகொண்டால் 10 கிராம்தான். தயிரில் போட்டு 15 நிமிடம் விட்டால் ஓரம் கரைந்து மஞ்சள் கோடாக ஓடும், நடு மட்டும் பல்லுக்கு நறுக்கென்று இருக்கும். அவசரமாக விழுங்கவே முடியாது.

காய்ந்த வயிற்றோடு ஃப்ரீசரைத் திறந்தால் மூன்று கட்டி ஆறு கட்டியாகும். ஆகவே ராத்திரிக்கு முதலில் களி. இரண்டரை டம்ளர் தண்ணீரில் கால் டம்ளர் நொய்யை உப்புப் போட்டுக் குழைய வேகவிட்டு, தளதளவென்று கொதிக்கும்போது ஒரு டம்ளர் கேழ்வரகு மாவை நடுவில் குவியுங்கள். கிண்டாமல் கரண்டிக் காம்பால் ஒரு குழி போட்டு, 5 நிமிடம் மூடி வையுங்கள். கொதி அடங்கியபின் மாவு போட்டால் கட்டி தட்டும். இங்கே கரண்ட் அடுப்பு. அணைத்த பிறகும் தட்டில் சூடு நிற்பதால் அடி பிடிக்கும். பாத்திரத்தைப் பலகைக்கு இறக்கித்தான் கிண்ட வேண்டும். கீரைக் குழம்போடு ஒரு உருண்டை உள்ளே போனால், இனிப்புக்கு மூன்று கட்டி தாராளம்.

ஒரு நாளைக்கு மூன்று என்றால் 42 கட்டி இரண்டு வாரம் வரும். பை காலியாகும் வரை அடுத்த டின் வீட்டுக்குள் வரக் கூடாது, சலுகை விலை போட்டாலும்.