தக்காளி இல்ல, அப்பத்தா

அப்பத்தாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, பர்மாவுக்குக் கொண்டுவிக்க, தொழில் செய்யப் போனவர், 1942இல் அரக்கான் மலை தாண்டி நடந்தே ஊர் வந்து சேர்ந்தவர். இதை ஒரு டாக்குமெண்டரியாக எடுக்கப் போகிறேன் என்று மூன்று வருடமாகச் சொல்லித் திரிகிறேன். ஒரு தடவை வளவில் உட்கார வைத்து நாற்பது நிமிடம் எடுத்தேன். போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி என் குரல்தான். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு, அது இது என்று. அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அதெல்லாம் அப்பச்சி சொல்லலடா."

போன வாரம் பட்டாலையில் லேப்டாப்பில் 'ஃபார் சாமா' பார்த்துக்கொண்டிருந்தேன், சிரியாவில் அலெப்போ நகரத்துக்குள்ளேயே இருந்து வாத் அல்-கதேப் என்ற பெண் வருடக்கணக்கில் எடுத்து, 2019இல் வந்த படம். முற்றுகையில் சாப்பாட்டுக்கே வழியில்லாதபோது ஒருத்தர் எங்கிருந்தோ ஒரே ஒரு பெர்சிமன் பழம் கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டும்!

"தக்காளியாடா அது?"

அப்பத்தா எப்போது பின்னால் வந்து உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை. பழம் என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் தானாகவே ஆரம்பித்தார். அப்பச்சி வந்தபோது முகப்பில் நின்றவரை வீட்டில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லையாம், ஆத்தாகூட யாரோ பரதேசி என்று நினைத்து உள்ளே அரிசி எடுக்கப் போய்விட்டாராம், அதற்குப் பிறகு ரொம்ப நாள் அப்பச்சி படுக்கும்போது துண்டு முனையில் ஒரு கை அரிசி முடிந்து தலைமாட்டில் வைத்துக்கொள்வாராம், காலையில் அவிழ்த்துப் பானையில் போடுவது எட்டு வயதில் இவருடைய வேலையாம்.

நான் ஒரு மடையன். நாற்பது நிமிடமும் குண்டையே கேட்டிருக்கிறேன்.

குண்டைக் காட்ட வேண்டிய படங்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. 2022இல் ரஷ்யப் படை முற்றுகையிட்ட உக்ரைன் நகரம் மரியுபோலில், செர்னோவ் என்ற வீடியோ நிருபரும் கூட இருந்தவர்களும் ஒரு கடைப் படிக்கட்டுக்கு அடியில் பதுங்கி, அங்கே மட்டும் கிடைத்த சிக்னலில் வீடியோக்களை வெளியே அனுப்பினார்கள். அது அன்றைக்கே உலகத்துக்குத் தெரிந்தாக வேண்டிய அவசரம். எனக்கு என்ன அவசரம்? எண்பது வருடம் ஆறிப்போன கதை.

மறுநாள் காலையில் டிரைபாடை நிறுத்தி, அந்த அரிசி முடிச்சை இன்னொரு தடவை சொல்லுங்கள் அப்பத்தா என்றேன்.

"நேத்துத்தானே சொன்னேன்" என்று முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார். சரி என்று கையை மட்டும் எடுத்தேன், பதினோரு நிமிடம்.