பழைய பதிவு எங்கே போகிறது?

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு லேப்டாப்பைத் திறந்ததும், சர்வரில் டிஸ்க் 94 சதவீதம் நிரம்பிவிட்டதாக எச்சரிக்கை வந்திருந்தது. வெள்ளி மாலை நான் கிளம்பும்போது 60கூட ஆகவில்லை. சின்ன சர்வர்தான், 30 ஜிபி. தேடிப் பார்த்ததில் எல்லாவற்றுக்கும் காரணம் ஒரே டேபிள்: கிடங்கின் சரக்கு இருப்பு. மொத்தம் 40,000 பதிவுகள். ஆறேழு எம்பியில் அடங்க வேண்டியது, இன்டெக்ஸோடு (வேகமாகத் தேட உதவும் அடைவு) சேர்த்து 10 ஜிபி பிடித்திருந்தது.

எட்டு வருடம் மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தில் வேலை பார்த்துவிட்டு இரண்டு வருடம் முன்புதான் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொன்றுக்கு வந்தேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை யார் கேட்டாலும் இனி இந்தத் திங்கட்கிழமையைத்தான் சொல்வேன்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவை அப்டேட் செய்தால் அது பழையதை அழித்து எழுதுவதில்லை. புதிய பிரதி ஒன்றை அதே டேபிளில் வேறு இடத்தில் எழுதிவைக்கிறது. பழையது இருந்த இடத்திலேயே கிடக்கும். எந்த டிரான்சாக்ஷன் (ஒன்றாகவே நிறைவேறும் அல்லது ஒன்றாகவே ரத்தாகும் வேலைகளின் தொகுப்பு) உருவாக்கியது, எது காலாவதியாக்கியது என்று இரண்டு எண்கள் ஒவ்வொரு பிரதியிலும் ஒளிந்திருக்கும். யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதை அவைதான் முடிவுசெய்கின்றன. யாருக்கும் தேவைப்படாத பிரதிகளை ஆட்டோவாக்யூம் பிறகு வந்து பெருக்கித் தள்ளும். டேபிளில் ஐந்தில் ஒரு பங்கு மாறியதும் அது கிளம்ப வேண்டும் என்பது வழக்கமான அமைப்பு.

எங்கள் இருப்பு டேபிள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முழுவதுமாக அப்டேட் ஆகும். அப்படியும் ஒரு வருடமாகத் தொந்தரவு இல்லை. அப்படியானால் இந்தச் சனி ஞாயிறில் என்ன நடந்தது?

ஓடிக்கொண்டிருக்கும் கனெக்ஷன்களைப் பட்டியலிட்டேன். ஒன்று மட்டும் வெள்ளி மாலை 6:12க்குத் தொடங்கி, டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்தபடி சும்மா நின்றிருந்தது. மைஎஸ்கியூஎல் காலத்து ரிப்போர்ட் ஸ்கிரிப்ட். அங்கே தரவைச் சேமிக்கும் எஞ்சினான இன்னோடிபியின் இயல்பு நிலை ரிப்பீட்டபிள் ரீட், அதாவது டிரான்சாக்ஷன் முழுவதும் ஒரே நிலவரத்தைக் காட்டுவது. போஸ்ட்கிரெஸில் ரீட் கமிட்டட், அதாவது ஒவ்வொரு கேள்விக்கும் அந்த நேரத்து நிலவரம். எண்கள் முன்போலவே ஒத்துப்போக வேண்டும் என்று மாற்றும்போது ரிப்பீட்டபிள் ரீடையே கேட்டு வாங்கியிருந்தோம். ரிப்போர்ட் நடுவில் எங்கோ சிக்கி நின்றுவிட்டது. வெள்ளி மாலை 6:12 மணி நிலவரத்தை அது இன்னும் படிக்கக்கூடும் என்பதால் அதற்குப் பிறகு செத்த ஒரு பிரதியையும் வாக்யூமால் தொட முடியவில்லை. 63 மணி நேரம், மணிக்கு இருபது சுற்று. கணக்கு சரியாக வந்தது.

அந்த கனெக்ஷனை வெட்டியதும் வாக்யூம் வேலையை முடித்துவிட்டது. ஆனால் சாதாரண வாக்யூம் காலி இடத்தை டேபிளுக்குள்ளேயே மறுபயன்பாட்டுக்கு வைத்துக்கொள்ளும். டிஸ்க்குக்குத் திருப்பித் தராது. திருப்பித் தர வாக்யூம் ஃபுல் வேண்டும், அது டேபிளையே பூட்டிவிடும். கிடங்கில் சாப்பாட்டு நேரம் வரை காத்திருந்து ஓட்டினேன். உயிரோடிருக்கும் பதிவுகளை மட்டும் புதிதாக எழுதுவதால் சில நொடிகளில் முடிந்தது.

இதே ஸ்கிரிப்ட் இன்னோடிபியில் நின்றிருந்தால்? அங்கே டேபிள் என்பதே பிரைமரி கீயின் (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) வரிசையில் அடுக்கிய ஒரு மரம். அப்டேட் அந்த இடத்திலேயே நடக்கும், பழைய மதிப்பு அன்டூ லாக் என்ற தனிப் பதிவேட்டுக்குப் போகும். அதனால் டேபிள் வீங்காது, அன்டூ வீங்கும். பழைய நிலவரம் கேட்பவருக்கு அன்டூவில் ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி நடந்து பதிவைக் கட்டித் தர வேண்டும். செய்ததை ரத்துசெய்யும் ரோல்பேக்கும் அப்படித்தான். ஒருமுறை பெரிய அப்டேட் ஒன்றைப் பாதியில் நிறுத்தப்போய், அதைத் திருப்பும் வேலை அப்டேட் ஓடியதைவிட அதிக நேரம் இழுத்தது. போஸ்ட்கிரெஸில் ரோல்பேக் நொடியில் முடியும், ஏனென்றால் பழையது அங்கேயேதான் இருக்கிறது. குப்பையை இப்போது அள்ளுவதா, அப்புறம் அள்ளுவதா என்பதில் இரண்டு பேரும் வேறு வேறு விடை எடுத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் அன்று கண்டுபிடித்தேன். போஸ்ட்கிரெஸில் இன்டெக்ஸ்கள் பதிவு கிடக்கும் இடத்தையே நேரடியாகக் காட்டுகின்றன. இன்டெக்ஸ் உள்ள எந்த நெடுவரிசையும் மாறாமல், டேபிள் ஃபைலின் அதே பக்கத்தில் (பேஜ்) இடமும் இருந்தால் மட்டும் இன்டெக்ஸைத் தொடாமல் அப்டேட் முடியும். நாங்களோ இருப்பு எண்ணிக்கைக்கே ஒரு இன்டெக்ஸ் போட்டிருந்தோம். மாறுவதே அந்த நெடுவரிசைதான். 40,000 பதிவுக்கு அது தேவையே இல்லை, எடுத்துவிட்டேன். இன்னோடிபியில் மற்ற இன்டெக்ஸ்கள் பிரைமரி கீயை வைத்திருப்பதால் இந்தத் தலைவலி குறைவு. 2016இல் ஊபர் போஸ்ட்கிரெஸிலிருந்து மைஎஸ்கியூஎல்லுக்கு மாறியபோது சொன்ன காரணங்களில் இதுவும் உண்டு.

இவ்வளவுக்குப் பிறகும் நான் போஸ்ட்கிரெஸ் பக்கம்தான். டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளைகளையும் டிரான்சாக்ஷனுக்குள் வைக்கலாம். ஐந்து மாற்றங்களில் நான்காவது தோற்றால் ஒரே ரோல்பேக்கில் பழைய நிலைக்கு வரலாம். மைஎஸ்கியூஎல்லில் அமைப்பை மாற்றும் ஒவ்வொரு ஆல்ட்டர் கட்டளையும் தானாகவே கமிட் ஆகிவிடும், அதாவது உறுதியாகிவிடும். இரவு இரண்டு மணிக்குப் பாதி மாறிய டேபிள்களைக் கையால் ஒவ்வொன்றாகச் சரிசெய்தவர்களுக்கு இந்த நிம்மதி புரியும்.

மைஎஸ்கியூஎல்லைப் பற்றித் தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு விஷயம். அதன் பழைய எழுத்துக் குறியாக்கமான யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நம் எழுத்துகள் மூன்று பைட்டில் அடங்குவதால் குறை தெரியாமலே வருடங்கள் ஓடும். என் தோழி பழைய கணக்கேடுகளைத் தட்டச்சு செய்கிறாள். மா, காணி, முந்திரி போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடில் சேர்ந்தன, அவற்றுக்கு நான்கு பைட். பழைய டேபிளில் போட்டதும் பிழை வந்தது. யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினால் சரியாகிவிடும், 8.0 முதல் அதுதான் இயல்பு நிலை.

அவளுக்கு நான் கடைசியில் எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தளத்தை அமைத்துக் கொடுத்தேன். சர்வரே கிடையாது, எல்லாம் ஒரே ஃபைல். ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். அவள் ஒருத்திதான் எழுதுகிறாள். டேபிள்களை ஸ்டிரிக்ட் என்று உருவாக்கினேன், இல்லாவிட்டால் எண் நெடுவரிசையில் எழுத்தைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். தினமும் சாயங்காலம் புரோகிராமை மூடிவிட்டு அந்த ஃபைலைப் பென்டிரைவில் பிரதி எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள்.