காலண்டர் அட்டையில் நினைவு ஆல்பம்: செய்து பார்த்த குறிப்புகள்

ஆனித் தேருக்கு எடுத்த படங்கள், திருவிழா நோட்டீஸ், குற்றாலம் போய்வந்த பஸ் டிக்கெட், மஞ்சள் தடவின கல்யாணப் பத்திரிகை. இப்படி டப்பாவில் கிடப்பதையெல்லாம் ஒட்டி வைக்க ஒரு ஆல்பம் செய்யும் வேலை இது. கடையில் கிடைக்கும் ஸ்க்ராப்புக் நோட்டில் பாதிப் பக்கம் ஒட்டி முடிப்பதற்குள் மேலட்டை மூடாமல் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். வெறும் தாள்கள் அடங்கும் அளவுக்கே அதன் முதுகு இருப்பதால்தான் அப்படி. ஒட்டப் போகும் சாமான்களுக்கும் முதலிலேயே இடம் விட்டுக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகச் செய்கிறவர்கள் பூ, லேஸ், ஸ்டிக்கர் என்று தேடி அலையுமுன் இதைக் கவனிக்க வேண்டும். ஆல்பத்தைக் கெடுப்பவை தண்ணீரும் தடிமனும்தான். அழகு குறைந்து எந்த ஆல்பமும் கெட்டதில்லை.

தேவையானவை: 300 ஜிஎஸ்எம் ஐவரி அட்டை ஒன்று (சார்ட் அளவு, 56 × 71 செ.மீ.), ஜவுளிக்கடையில் தரும் தடித்த பழுப்புப் பேப்பர் பை ஒன்று, போன வருஷத்துத் தினசரி காலண்டர் அட்டைகள், கால் மீட்டர் காலிகோ துணி, மைதா, ஃபெவிகால், ஸ்டீல் ஸ்கேல், கட்டர், மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. காலிகோ ஃபேன்சி ஸ்டோரில் அநேகமாக இருக்காது. பைண்டிங் கடையில் போய், "அண்ணாச்சி, நோட்டு முதுகுக்கு ஒட்டுற துணி கால் மீட்டர் வேணும்" என்று கேட்டால் கிடைக்கும்.

முதல் வேலை: நார் எந்தப் பக்கம் ஓடுகிறது?

மெஷினில் செய்த எல்லாத் தாளிலும் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் அந்த நார்கள் நீளத்தில் அவ்வளவாக நீளாது, அகலத்தில்தான் ஊதும். பக்கத்தின் முதுகுக்கு இணையாக நார் ஓடினால் ஊதல் வெளி ஓரத்தை நோக்கிப் போய்விடும், பக்கம் சமமாகக் கிடக்கும். குறுக்கே ஓடினால் முதுகுப் பக்கம் ஒட்டிப் பிடித்திருப்பதால் ஊத இடமின்றி அலை அலையாக நெளியும். எவ்வளவு கனம் வைத்தாலும் அந்த நெளிவு முழுதாகப் போகாது.

திசையைக் கண்டுபிடிக்க, அட்டையை மடித்துவிடாமல் எதிரெதிர் ஓரங்களைப் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். பிறகு மற்ற இரண்டு ஓரங்களையும் பிடித்து வளையுங்கள். ஒரு பக்கம் சொன்னபடி கேட்கும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். எளிதாக வளையும்போது அந்த வளைவின் முதுகு எந்தத் திசையில் நீண்டு கிடக்கிறதோ, நாரும் அந்தத் திசைதான். சந்தேகமாக இருந்தால் 5 செ.மீ. சதுரத் துண்டு வெட்டி ஒரு முகத்தில் மட்டும் தண்ணீர் தடவுங்கள். அது குழாயாகச் சுருளும். குழாயின் நீளம் நார் திசை.

ஐவரி அட்டையை மூன்றுக்கு மூன்றாகப் பிரித்தால் 23 × 18 செ.மீ. அளவில் 9 தாள்கள் வரும், ஓரத்தில் கொஞ்சம் மிச்சமும் விழும். ஆல்பம் படுக்கையாகவா நிமிர்ந்தா என்பதை நாமே தீர்மானிக்க வேண்டாம். நார் 56 செ.மீ. பக்கமாக ஓடினால் 18 செ.மீ. ஓரம் முதுகாகும், ஆல்பம் படுக்கை. 71 செ.மீ. பக்கமாக ஓடினால் 23 செ.மீ. ஓரம் முதுகாகும், ஆல்பம் நிமிர்ந்தது. இப்போது கையில் உள்ளது படுக்கை ஆல்பம். கீழே வரும் அளவுகள் அதற்கே.

விசிறி முதுகு

தாள்களைச் செருகிப் பிடிக்கும் முதுகை விசிறி போல மடித்துச் செய்கிறோம். பழுப்புப் பையின் அடிப்பாகத்தையும் கைப்பிடியையும் வெட்டி எடுத்துவிட்டு 36.2 செ.மீ. நீளம், 17.8 செ.மீ. உயரத்தில் ஒரு பட்டை வெட்டவும். இதிலும் நார் உயரத்தின் வழியாகவே ஓட வேண்டும். பட்டையின் ஒரு முனையிலிருந்து இப்படிக் குறித்துக்கொள்ளுங்கள்: 3 செ.மீ. (அட்டையில் ஒட்டும் காது), 1.5 + 1.5 (ஒரு மேடு), 0.4 (பள்ளம்), மறுபடி 1.5 + 1.5, 0.4 என்று போய் ஒன்பதாவது மேடு முடிந்ததும் மறுமுனைக்கு 3 செ.மீ. காது. ஆக 9 மேடு, 8 பள்ளம். கூட்டிப் பார்த்தால் 27 + 3.2 + 6 = 36.2. முதலில் எல்லாக் கோட்டையும் பென்சிலில் போட்டு முடித்துவிட்டுத்தான் மடிக்கத் தொடங்க வேண்டும். மடித்துக்கொண்டே அளந்தால் ஒவ்வொரு மடிப்பிலும் அரை மில்லிமீட்டர் தப்பி, கடைசியில் ஒரு மேடே காணாமல் போகும்.

கோட்டின் மேல் மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் ஒட்டி அழுத்தி இழுத்துவிட்டால் மடிப்பு கத்தி போல விழும். மடித்த இடத்தைக் கரண்டியின் முதுகால் தேய்த்துவிடுங்கள்.

ஒவ்வொரு தாளையும் மேட்டின் இரண்டு சுவருக்கும் நடுவில் 1.5 செ.மீ. ஆழத்துக்குச் செருகி இரு முகமும் ஃபெவிகால் வைத்து ஒட்ட வேண்டும். ஒரு சுவரில் மட்டும் ஒட்டுகிறவர்கள் உண்டு. பக்கத்தைப் பத்துத் தடவை புரட்டினால் அது பிய்ந்து வரும். ஃபெவிகாலைக் குழாயிலிருந்து கோடாகப் பிழியாமல் பழைய விசிட்டிங் கார்டின் ஓரத்தால் மெல்லிசாக இழுத்துத் தடவுங்கள். தாள் உள்ளே போகும்போது பசை வெளியே பிதுங்கினால் அடுத்த மேட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பள்ளத்திலும் ஒரு பட்டர் பேப்பர் துண்டு வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போகவும்.

மைதா பசை

மேலட்டைக்கு வெறும் ஃபெவிகால் ஒத்துவராது. நெல்லை வெயிலில், அதிலும் காற்றுக் காலத்தில், துணியை இழுத்துச் சரிசெய்வதற்குள் பிடித்துவிடும். மைதா பசை நகர்த்தி வைக்க நேரம் கொடுக்கும்.

மைதா 2 மேசைக்கரண்டி, தண்ணீர் 150 மில்லி. முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீரில் மாவைக் கட்டியில்லாமல் கரைத்து, பிறகு மீதித் தண்ணீரை ஊற்றிச் சிறு தீயில் கிளறிக்கொண்டே இருக்கவும். வெள்ளை நிறம் மங்கிக் கண்ணாடி போல் ஆகும்போது இறக்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் மாவு வேகாமல் பசை பொடியாக உதிரும். ஆறியதும் துணியில் வடிகட்டி, இரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஃபெவிகால் கலக்கவும். பைண்டிங் கடைகளில் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில் துத்தம் போடுவது பழைய வழக்கம். அது விஷம். பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் வேண்டவே வேண்டாம். அன்றைக்கு வேண்டிய பசையை அன்றன்றைக்குக் காய்ச்சினால் போதும். மறுநாள் புளித்த வாடை வந்தால் கொட்டிவிடுங்கள்.

மேலட்டை

காலண்டர் அட்டையில் தகரப் பட்டையும் பின்னும் இருக்கும் பாகத்தை முதலில் வெட்டி எறியவும். பின் இருந்தால் துரு ஏறி மேல்தாளில் புள்ளியாகத் தெரியும். சாமி படம் போட்ட அட்டையில் கத்தி வைக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், அது நியாயந்தான். மலை, அருவி, கடை விளம்பரம் மட்டும் உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அச்சான முகம் வழவழப்பாக இருப்பதால் பசை பிடிக்காது. உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேய்த்துவிட்டால் சரியாகும்.

அளவுகள்: காலண்டர் அட்டையில் வெட்டிய பலகை இரண்டு, ஒவ்வொன்றும் 22.6 × 18.6. முதுகுப் பட்டை 4 × 18.6. பலகைக்கும் முதுகுக்கும் நடுவே இருபுறமும் 0.7 செ.மீ. இடைவெளி. இந்த இடைவெளியைக் குறைத்தால் ஆல்பம் திறக்கும்போது அட்டை துணியைக் கிழிக்கும். முதுகுத் துணி 11.4 × 21.6, இரு பலகையிலும் 3 செ.மீ. ஏறி உட்காரும். மேலும் கீழும் மிஞ்சும் 1.5 செ.மீ. உள்ளே மடங்கும். உள்புறத்தில் 9 × 18 அளவில் இன்னொரு துணி. பலகையின் மீதி முகத்துக்கு 21.6 செ.மீ. சதுரமாக இரண்டு தாள், துணியின் மேல் அரை செ.மீ. ஏறும்படி.

மூலை மடிப்பில்தான் பலருக்கும் கை தடுமாறும். தாளின் மூலையைச் சாய்வாக வெட்டும்போது அட்டை முனையை ஒட்டி வெட்டக் கூடாது. அட்டைத் தடிமனைப் போல் ஒன்றரை மடங்கு தள்ளி வெட்ட வேண்டும். 2 மி.மீ. அட்டைக்கு 3 மி.மீ. மேல் கீழ் ஓரங்களை முதலில் மடித்து ஒட்டி, முனையில் துருத்தும் தாளை நகத்தால் உள்ளே அழுத்திவிட்டு, பிறகு பக்கவாட்டு ஓரத்தை மடித்தால் அட்டை எங்கும் எட்டிப் பார்க்காது.

வெளிப்பக்கம் ஒட்டி முடித்ததும் பலகை வெளிப்புறமாக வளையும். பயப்பட வேண்டாம், காயும் தாள் சுருங்கி அட்டையை இழுக்கிறது. உள்ளே விசிறியின் காதுகளை ஒட்டி, அதன் மேல் 22 × 18 தாளை ஒட்டியதும் அது மறுபக்கம் இழுத்துச் சமப்படுத்திவிடும். உள்தாளின் நாரும் முதுகுக்கு இணையாக இருந்தால்தான் இந்த இழுப்பு சரிக்குச் சரியாக நிற்கும். விசிறியின் பள்ளங்களை முதுகோடு ஒட்டிவிடாதீர்கள். காதுகள் மட்டும் பிடித்தால் போதும், அப்போதுதான் பக்கம் தட்டையாகத் திறக்கும்.

காய வைப்பதில் அவசரம் ஆகாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் ஆனி, ஆடிக் காற்றில் ஜன்னலோரம் வைத்தால் ஓரங்கள் முதலில் காய்ந்து நடுப்பாகம் ஈரமாகவே நின்று, அட்டை தட்டுப்போலக் குழியும். ஃபேன் காற்றும் அப்படித்தான். இரண்டு மரப்பலகைக்கு நடுவே வைத்து, பழுப்புத்தாள் சுற்றிய செங்கல் நாலைந்து ஏற்றி, ஒரு ராத்திரி முழுக்க விடவும். ஈரம் உறிஞ்ச நடுவில் வெள்ளைத் தாள் வைக்கலாம். நியூஸ்பேப்பர் வைத்தால் மை ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. ஈரம் இறங்காமல் பூஞ்சை பிடிக்கும்.

ஒட்டும் சாமான்கள்

பஸ் டிக்கெட் மெஷினில் வருவது வெப்பத் தாள். அதில் மை கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கிறது. நாளடைவில் எழுத்து மங்கிவிடும், பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வந்த அன்றைக்கே ஒரு நகல் எடுத்து நகலை ஒட்டுங்கள். அசலை அதன் பின்னால் சிறு உறையில் போட்டு வைக்கலாம்.

கல்யாணப் பத்திரிகையின் மூலையில் தடவிய மஞ்சள்தான் அதற்கு உயிர், அதைத் துடைத்துவிடாதீர்கள். ஆனால் மஞ்சளில் காரம் பட்டால் சிவக்கும். சோப்பு சரியாகக் கழுவாத விரலோ, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிய விரலோ பட்ட இடத்தில் குங்குமக் கறை போல ஒரு திட்டு விழுந்துவிடும். குங்குமமே மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் செய்வதுதானே. வெளிச்சம் பட்டால் மஞ்சள் வெளுக்கவும் செய்யும், எதிர்ப்பக்கத்தில் பொடி ஒட்டவும் செய்யும். எனவே பத்திரிகைக்கு முன்னால் ஒரு பட்டர் பேப்பர் தாள் கட்டாயம். அல்வா வாங்கி வந்த பொட்டலத் தாளை ஆசைக்கு ஒட்ட நினைப்பவர்களுக்கு: நெய் நாலு பக்கம் தாண்டியும் ஊறும். அச்சுப் பெயரைப் படம் பிடித்து ஒட்டிக்கொள்ளுங்கள்.

போட்டோவின் முதுகில் பசை வேண்டாம். 4 × 2 செ.மீ. தாள் துண்டின் இரண்டு மேல் முனைகளையும் கீழே நடுவுக்கு மடித்தால் முக்கோணப் பை ஆகும். அதைப் படத்தின் நான்கு மூலையிலும் மாட்டிவிட்டு, பையின் பின்பக்கத்தில் மட்டும் பசை வைத்துப் பக்கத்தில் அழுத்தவும். படம் வேண்டும்போது கழற்றலாம், மாற்றலாம்.

பத்தமடை வரிசை

அலங்காரத்துக்குத் தாள் பின்னல் ஒன்று போதும் என்பது எங்கள் முடிவு. வேறொரு கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் 12 × 7.5 செ.மீ. துண்டு, சுற்றிலும் 1 செ.மீ. விளிம்பு. நடுவில் 10 செ.மீ. நீளத்துக்கு அரை செ.மீ. இடைவெளியில் 12 கீறல் போட்டால் 11 பட்டை கிடைக்கும். ஒற்றைப்படையாக இருப்பதால் இரண்டு ஓரமும் ஒரே மாதிரி தெரியும். பத்தமடைப் பாய் போலச் சிவப்பும் பச்சையுமாக அரை செ.மீ. நாடாக்களை மேலும் கீழுமாகக் கோத்து, ஒவ்வொன்றையும் ஸ்கேல் முனையால் நெருக்கித் தள்ளவும். கணக்குக்கு 20 நாடா வர வேண்டும், தாளின் தடிமன் இடத்தைப் பிடிப்பதால் 18 அல்லது 19 தான் அடங்கும். நாடாக்களை நார் வழியே வெட்டினால் அறுந்துபோகாது.

உண்மையான கோரைப் பாய்த் துண்டு கிடைத்தால் மேலட்டையில் பதிக்கலாம். வெட்டியதும் பாவு நூல் தளர்ந்து கோரை ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதனால் வெட்டப் போகும் கோட்டின் மேல் முதலில் ஃபெவிகாலைப் பட்டையாகத் தடவி, நன்றாகக் காய்ந்தபின் அதன் நடுவில் வெட்டுங்கள்.

இப்போதைய நிலை

ஒன்பது தாளில் ஐந்து நிறைந்திருக்கிறது. ஒரு பள்ளத்துக்கு 4 மி.மீ. என்பதால் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டும் சேர்ந்தே அந்த 4 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். தாள் பின்னல் உள்ள பக்கத்துக்கு எதிரே படம் மட்டும் வைத்திருக்கிறோம், மேலட்டை சமமாகவே மூடுகிறது. அடுத்து ஒட்டுவதற்காக அரச இலை ஒரு மண் சட்டித் தண்ணீரில் ஊறிக்கொண்டிருக்கிறது. சதை அழுகி வழுக்கத் தொடங்கியதும் மெதுவான பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தால் நரம்பு வலை மட்டும் மிஞ்சும். தேய்த்தால் கிழியும். தண்ணீரை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் வாடை வீடு முழுக்க வரும். மைதா பசை இருக்கும் இடத்தை ராமபாணப் பூச்சி தேடி வரும் என்பதால், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் ஆல்பத்தை வைக்கவில்லை. உலர்ந்த உள்ளறைத் தட்டில், மாதம் ஒருமுறை பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும்படி வைத்திருக்கிறோம்.