ப்ரூஃப் மேசையில் ஏ. டி. ஜோன்ஸ்

பாளையங்கோட்டையில் கிறிஸ்தவப் புத்தகங்கள் போடும் ஒரு சிறிய பதிப்பகத்தில் பதினோரு வருடம் மொழிபெயர்ப்பு, ப்ரூஃப் இரண்டும் பார்த்தேன். அங்கே என்னை அதிகம் பாடுபடுத்திய வேலை ஏ. டி. ஜோன்ஸின் பேச்சு. அதிகம் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

1888 டிசம்பர் 13 அன்று அமெரிக்க செனட் குழு ஒன்றின் முன்னால் ஜோன்ஸ் நின்றார். ராணுவத்தில் சிப்பாயாக இருந்து போதக ஊழியத்துக்கு வந்தவர். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபைக்காரர், அதாவது சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிப்பவர். குழுவின் தலைவர் நியூ ஹாம்ப்ஷயர் செனட்டர் ஹென்றி பிளேர். ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்தி, அந்த நாளை வழிபாட்டு நாளாக ஆசரிக்க ஊக்கம் தரும் ஒரு மசோதாவை அந்த மே மாதம் கொண்டுவந்தவர் அவரே. சனிக்கிழமைக்காரர்களுக்கு மட்டும் சட்டத்தில் விலக்குக் கொடுத்துவிட்டால் சரிதானே என்று கேள்வி வருகிறது. வேண்டாம் என்கிறார் ஜோன்ஸ். விலக்குக் கொடுத்தாலும் சட்டத்தின் அடிப்படையே தவறு, நாங்கள் கேட்பது எல்லாருக்குமான உரிமை என்பது அவர் நிலை.

அரசு தங்களைப் பொறுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை அவர் மறுக்கும் இடத்தில் முதலில் 'சகிப்புத்தன்மை' என்று போட்டிருந்தேன். வாசித்துப் பார்த்தால் அர்த்தமே புரண்டிருந்தது. தமிழில் சகிப்புத்தன்மை நல்ல குணம். அதை ஒரு கிறிஸ்தவர் ஏன் வேண்டாம் என்கிறார் என்று வாசகர் குழம்பிப்போவார். இரண்டு நாள் அந்த வரியிலேயே உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் 'சலுகை' என்ற சொல் வந்தது. அது அகராதியிலிருந்து வரவில்லை, சிவகாசியிலிருந்து வந்தது.

பதிப்பகத்துக்கு வருவதற்கு முன் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்த்தேன். நானும் சனிக்கிழமைக்காரன்தான். சேரும்போதே சொல்லிவிட்டேன். முதலாளி இந்து, என் விசுவாசம் அவருக்குப் புதிது. ஆனாலும், "சாமி விஷயம், வச்சுக்க தம்பி" என்று சனிக்கிழமை லீவு கொடுத்தார். இரண்டு வருடம் நன்றாகவே போனது. மூன்றாம் வருடம் ஆடி கழிந்ததும் காலண்டர் ஆர்டர் வந்து குவிந்தது. "சீசன் முடியுற வரைக்கும் சனிக்கிழமையும் வா தம்பி. நான் கொடுத்ததுதானே, நானே கேக்குறேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அவர் சொன்னதில் தப்பும் இல்லை, கொடுத்தது அவர்தான். எனக்குச் சொல்லப் பதில் இல்லை. மாதக் கடைசியில் கணக்கு முடித்துக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறினேன்.

ஜோன்ஸ் அந்தக் குழுவிடம் ஆர்கன்சா மாநிலத்தின் கதையைச் சொல்கிறார். அங்கே ஞாயிறு சட்டத்தில் சனிக்கிழமை ஆசரிப்பவர்களுக்கு விலக்கு இருந்தது. 1885-ல் அதை எடுத்துவிட்டார்கள். ஸ்பிரிங்டேல் என்ற ஊரில் ஸ்கோல்ஸ் என்ற போதகர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் சபைக் கட்டடத்தின் பின்பக்கச் சுவரில் மீதியிருந்த கொஞ்ச இடத்துக்குப் பெயின்ட் அடித்தார். அதற்காக வழக்கு, தண்டனை. மாநில உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. உழுததற்காக, கிழங்கு தோண்டியதற்காகச் சாதாரண விவசாயிகளும் மாட்டினார்கள். 1887-ல் விலக்கைத் திரும்பக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள், எடுத்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். அந்தப் பக்கத்தைத் தமிழாக்கும்போது என் காதில் முதலாளியின் குரல்தான் கேட்டது.

மசோதாவுக்கு ஆதரவாகக் கோடிக்கும் மேல் கையெழுத்து என்று காட்டினார்கள். அதில் 72 லட்சம், கார்டினல் கிப்பன்ஸ் எழுதிய ஒரே ஒரு ஆதரவுக் கடிதத்தை வைத்து அமெரிக்கக் கத்தோலிக்கர் அத்தனை பேரையும் சேர்த்த கணக்கு. தன் பெயரில் கையெழுத்து போட்டிருக்கிறது என்பதே தெரியாத 72 லட்சம் பேர்! மசோதா நிறைவேறவில்லை.

எங்கள் டிடிபி பையன் ஒருநாள், "இராயன்னா யாரு சார், ஊர்ப் பெரியவரா?" என்று கேட்டான். "இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும்" என்ற வசனத்தை அடித்துக்கொண்டிருந்தான். ரோமச் சக்கரவர்த்தி என்றேன். ஜோன்ஸின் வாதம் முழுக்க அந்த வசனத்தில்தான் நிற்கிறது. பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 13-ஆம் அதிகாரத்தை வாழ்நாள் முழுக்க 'அரசாங்கத்துக்கு அடங்கு' என்ற பிரசங்கமாகவே கேட்டிருக்கிறேன். ஜோன்ஸ் ஒன்பதாம் வசனத்தில் விரலை வைக்கிறார். அங்கே பவுல் எடுத்துச் சொல்வது விபசாரம், கொலை, களவு, பொய்ச்சாட்சி, இச்சை. எல்லாம் மனுஷனுக்கு மனுஷன் செய்கிற குற்றங்கள். தேவனுக்கு நாம் செலுத்த வேண்டியதைச் சொல்லும் பத்துக் கற்பனைகளின் (கட்டளைகளின்) முதல் நான்கில் ஒன்றுகூட அந்தப் பட்டியலில் இல்லை. அதிகாரியின் எல்லை அவ்வளவுதான் என்கிறார். இத்தனை வருடம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

அப்புறம் வந்தது கிறிஸ்துவின் மனுஷீகம், அதாவது அவர் எடுத்த மனித இயல்பு. 1895-ல் பேட்டில் கிரீக்கில் சபையின் பொது மாநாட்டில் ஜோன்ஸ் தொடர்ந்து பிரசங்கித்தார். கிறிஸ்து எடுத்தது பாவத்தில் விழுவதற்கு முந்தின ஆதாமின் மாம்சம் (உடல்) அல்ல, நம்முடைய இதே பலவீனமான மாம்சம்; அதில் இருந்துகொண்டே அவர் பாவம் செய்யவில்லை என்றார். அவருடைய சபைக்குள்ளேயே இன்றுவரை தீராத வழக்கு இது.

எங்கள் ஆபீஸிலும் தீரவில்லை. மூத்த ப்ரூஃப் ரீடர் ஐயா சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபை மூப்பர். தேவன் தம் குமாரனை அனுப்பியதைச் சொல்லும் ரோமர் 8:3-ல் "பாவமாம்சத்தின் சாயலாக" என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டு, "சாயல்தான், அதுவே இல்லை. அடிக்குறிப்பு வேண்டும்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். "தம்பி, 'அவன் சாயல்ல ஒருத்தனைப் பார்த்தேன்'னு சொன்னா, பார்த்தது அவனை இல்லையே" என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. தமிழ் அவர் பக்கம் நின்றது.

அந்த வாரமே அவருக்குப் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். ஐயாவின் அக்கா பிள்ளையைத் துணியோடு தூக்கிப் பார்த்து, "அப்படியே தாத்தா சாயல்" என்றார். ஐயா என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். அந்தச் சாயலில் ஓடியது அவருடைய ரத்தம்தானே. நான் எதுவும் சொல்லவில்லை.

என் நிலை ஜோன்ஸ் பக்கம்தான். ரோம ஆளுநர் பிலாத்துவின் முன்னால் கட்டப்பட்டு நின்ற கிறிஸ்துவுக்கு வலித்தது, தாகம் எடுத்தது. தன்மேல் பிலாத்துவுக்கு இருந்த அதிகாரம் மேலிருந்து கொடுக்கப்பட்டது என்று ஒத்துக்கொண்டார். ஆனால் தன் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல என்றும் சொன்னார். மனச்சாட்சிக்காகக் கோர்ட்டில் நிற்கிற எவரும் அவர் நின்ற இடத்தில்தான் நிற்கிறார். வலிக்காத உடம்போடு அவர் நின்றிருந்தால், ஸ்பிரிங்டேலில் பெயின்ட் அடித்தவருக்கு அவரால் என்ன ஆறுதல்?

ஜோன்ஸின் முடிவு எனக்கு இன்னும் வருத்தம் தருவது. தலைவர்களோடு பிணக்கு முற்றி 1907-ல் ஊழிய உரிமையை இழந்தார், 1909-ல் சபையை விட்டே நீக்கப்பட்டார். 1923-ல் இறந்தார்.

ஐயா வட்டம் போட்ட ஃபாரம், அதாவது அந்த ப்ரூஃப் தாள், திங்கட்கிழமை என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஐயா அடிக்குறிப்பு வேண்டும் என்ற வரியை அடித்துவிட்டு, "இருக்கட்டும்" என்று எழுதியிருந்தார். சாயலைச் சுற்றியிருந்த வட்டத்தை மட்டும் அடிக்கவில்லை. பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி சேர்த்திருந்தார். அந்த ஃபாரம் என்னிடம் இன்னும் இருக்கிறது.