குர்சுராவின் பக்கத் துளைகள்: மூன்றாம் முயற்சி

இந்தியக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பலான ஐ.என்.எஸ். குர்சுராவின் மாதிரியை 1:144 அளவில் செய்யத் தொடங்கி நான்கு மாதங்கள் ஆகியும், வெளியுடலின் பக்கவாட்டில் வரிசையாக வரும் நீர் புகும் துளைகளைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. கப்பலின் 91.3 மீட்டர் நீளம் இந்த அளவில் 63.4 செ.மீ. ஆகிறது. 7.5 மீட்டர் அகலம் 52 மி.மீ. என்பதால், 50 மி.மீ. பிவிசி குழாயின்மேல் 1 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டைச் சுற்றியதும் கணக்கு அழகாகப் பொருந்தியது. வம்பு அதன் பிறகுதான் ஆரம்பித்தது.

முதல் முறை, ஒட்டிய பிறகு துளையிட்டேன். வளைந்த பரப்பில் துளையூசி வழுக்கி, வரிசை எறும்புச் சாரைபோல மேலும் கீழும் அலைந்தது. இரண்டாம் முறை, தட்டையான தகட்டிலேயே வெட்டிவிட்டு வெந்நீரில் காட்டி வளைத்தபோது, ஒவ்வொரு துளையும் மீன் வாயாகப் பிளந்துகொண்டது. இப்போது தடித்த தகட்டில் நீளமாக ஒரு வாய்க்கால் விட்டு, அதன் அடியில் கறுப்பு பூசி, துளைகள் வரும் பட்டையை மட்டும் கால் மி.மீ. தகட்டில் தனியாக வெட்டி மேலே பதிக்கிறேன். துளைக்கு இரு முனையிலும் 0.8 மி.மீ. ஊசி, நடுவில் பிளேடு. இடப்பக்கம் முடிந்தது, நேராகவே இருக்கிறது என்று சற்றுப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். இணையத்தில் மலிவாக வாங்கிய ஊசிகள் ஒரே மாலையில் மூன்று முறிந்தன. கைக்கடிகாரப் பழுதுக் கருவிகள் விற்கும் கடையில் வாங்கியது இன்னும் உழைக்கிறது.

1969 டிசம்பர் 18 அன்று சோவியத் ஒன்றியத்தின் ரிகாவில் கடற்படையில் சேர்ந்து, 1971 போரில் அரபிக் கடலில் ரோந்து சென்ற குர்சுராவே எனக்கு வேண்டும். ஆயினும், 73,500 கடல் மைல் ஓடி 2001 பிப்ரவரி 27 அன்று ஓய்வுபெற்ற அந்தக் கப்பலை விசாகப்பட்டினக் கடற்கரை மணலுக்கு இழுத்து வந்து 2002இல் அருங்காட்சியகமாக்கியிராவிட்டால், நீருக்கடியில் மறைந்திருக்கும் கீழ்ப்பாகத்தையும் மூன்று உந்துசுழலிகளையும் நான் எங்கே படமெடுத்திருப்பேன்? பார்வையாளர்களுக்காக வெட்டிய கதவுகளை மட்டும் படத்திலிருந்து கழித்துவிட வேண்டும்.

ஒரு காலத்தில் வாக்லி என்ற இன்னொரு இந்திய நீர்மூழ்கியின் பழுதுபார்ப்புக்காகக் குர்சுராவின் பாகங்களைக் கழற்றினார்கள். நான் அதைத் தலைகீழாகச் செய்திருக்கிறேன்: பாதியில் கிடந்த வாக்லி மாதிரியின் பெரிஸ்கோப் இப்போது குர்சுராவில் நிற்கிறது. வாக்லிக்குப் புதிது கடைய வேண்டும். பித்தளைக் கம்பி வாங்கியாயிற்று. வலப்பக்கத் துளைகள் இன்னும் தொடப்படவில்லை.